பீங்கான் பெட்டியின் மூச்சு

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூச்சு விட்ட அந்தப் பெட்டிகளைச் செய்யச் சொன்னவன் நான்தான். அதனால் யாரையும் நொந்துகொள்ள எனக்கு வழியில்லை.

விருத்தாசலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை அறைக் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். நாற்பத்து நாலு வயதாகிறது. எனக்குப் பெண் பார்ப்பதை அம்மா எப்போதோ விட்டுவிட்டாள். பாட்டுப் பெட்டிக்குப் பாகங்கள் தேடுவதை நான் விடவில்லை. என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமான பெருமை உண்டு. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கரகரத்தால் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய் ஒயரைத் திருகிவிட்டு வருவேன். பந்தியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, பாட்டு சரியாகக் கேட்கிறதா இல்லையா?

வீட்டுக்கு ஒரு நல்ல சிஸ்டம் கட்ட வேண்டும் என்பது பல வருட ஆசை. கல்யாண வீட்டு மாதிரி ஆளுயர டப்பாக்கள் இல்லை, டிவி பக்கத்தில் ஒரு தாம்பாளத்துக்குள் அடங்குகிற சின்ன சிஸ்டம். உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகை வாங்கினேன். அதற்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. அதன் முதுகில் இன்னொரு சின்ன அட்டை. கம்ப்யூட்டரில் எண்களாகக் கிடக்கும் பாட்டைக் காது கேட்கிற மின்சாரமாக மாற்றுவது அதன் வேலை. சோப்பு டப்பா அளவில் ஒரு ஆம்ப்ளிஃபயர், பாட்டுகளை வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். எல்லாவற்றையும் கையிலிருக்கும் போனிலேயே இயக்கலாம். நாலு இஞ்சு ஸ்பீக்கர் இரண்டு, ஆன்லைனில் ஆர்டர் போட்டு, பஞ்சில் பொதிந்து வந்தன.

ஸ்பீக்கருக்குப் பெட்டிதான் பாக்கி. எல்லாரும் பலகையில் செய்வார்கள். பலகை அதிரும், அந்த அதிர்வு பாட்டோடு சேர்ந்து ஒலிக்கும். கல்மாதிரி அதிராத ஒன்று வேண்டும் என்று யோசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நாட்டிலிருக்கும் ஃப்யூஸ் கட்டைக்கும் அலமாரிப் பொம்மைக்கும் பீங்கான் அனுப்புகிற ஊரில் உட்கார்ந்திருக்கிறேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

ஆனால் எங்கள் வீட்டில் பீங்கான் என்று வாயைத் திறக்க முடியாது. அப்பா போன பிறகு பீங்கான் தொழிற்பேட்டையில் செய்த சாமான் எதையும் அம்மா வாசற்படி தாண்ட விட்டதில்லை. டீகூட எவர்சில்வர் டம்ளரில்தான்.

அப்பா தொழிற்பேட்டையில் பொடி பக்கம் வேலை பார்த்தவர். வெள்ளைக் கல்லைக் காய்ந்தபடியே அரைத்துச் சலிக்கும் இடத்தை அப்படித்தான் சொல்வார்கள். சாயங்காலம் சைக்கிளில் வரும்போது புருவம் வரை வெளுத்திருக்கும். அந்தப் பொடி முகத்திலிருந்து கழுவினால் போய்விடும், நெஞ்சுக்குள் போனது போகாது. கடைசி ஒன்றரை வருடம் கூடத்துக் கட்டிலில்தான் கிடந்தார். கிடந்தார் என்பதுகூடத் தப்பு. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குவார். இழுத்து, ஒரு நொடி தங்கி, உஸ்ஸென்று விடுவார். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கையில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே எண்ணி, நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று சீட்டில் எழுதுவார்கள். ஒரு நாள் மத்தியானம் சத்தம் நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நின்றுபோன சத்தம்தான் அவளைக் கூப்பிட்டது.

அதற்கு முன்பே தங்கச்சிக்குக் கல்யாணம் முடித்திருந்தார் அப்பா. மாப்பிள்ளையும் பேட்டைக்காரர்தான், கம்மாபுரத்திலிருந்து பைக்கில் வேலைக்கு வருகிறவர். ஆனால் அவர் அச்சு வேலை. மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி எடுப்பது. ஈர வேலை, தூசி கிடையாது. அப்பாவுக்கு அவர் கைவேலை பிடித்துப்போயிற்று. ஆனாலும் நிச்சயத்தன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பாடுபட்ட சேசு சுரூபத்துக்கு முன்னால் நிற்க வைத்து ஒரே ஒரு வார்த்தை கேட்டு வாங்கினார்.

"பொடி பக்கம் மட்டும் போவக் கூடாது மாப்ள."

"நான் தண்ணி வேலக்காரன் மாமா. அந்தப் பக்கம் எதுக்குப் போவப் போறன்?" என்றார் மாப்பிள்ளை.

அப்பா போன பிறகு அம்மாவுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அவர் கரையேறிவிட்டாரா என்பது. இங்கே பட்ட பாடு போதாதென்று மோட்சத்துக்கு முன்னால் ஆத்துமாக்கள் பாவம் கழுவக் காத்துக் கிடக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்திலும் கிடந்து தவிக்கிறாரோ என்று கோயிலில் அவர் பெயரில் மாதம் ஒரு பூசை வைத்தாள். எட்டு வருடமாக வைத்தாள். நான் பூசைக்குப் போவேனே தவிர, இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை. அவளுக்கு நிம்மதி என்றால் சரி என்று இருந்தேன்.

பெட்டி விஷயத்தை மாப்பிள்ளையிடம்தான் சொன்னேன். பெட்டி என்கிறேனே தவிர, நான் வரைந்து காட்டியது நல்ல பறங்கிக்காய் அளவில் ஒரு முட்டை. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "குடுங்க மச்சான், அச்சு எடுத்துருவோம்" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். நாலு இஞ்சு ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிதாக வெட்டினால் கடைசியில் சரியாக வந்து நிற்கும் என்பது அவருக்கு மனக்கணக்கு.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். சந்தன நிறத்தில் வழவழவென்று இருந்தன. கேட்டிலிருந்து வாசல் வரை பதினைந்து தப்படி இருக்கும். அதற்குள் ஒரு பெட்டியை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டார்.

"என்னா மாப்ள, தங்கச்சி சமையல்ல உடம்பு ஏறிப்போச்சா?" என்றேன்.

"ஆமாங்க மச்சான், தொப்பைதான் முன்னால போவுது" என்று அவரும் சிரித்தார். தங்கச்சி சிரிக்கவில்லை. புருஷனைக் கிண்டல் செய்தால் பெண்டாட்டிக்குப் பொறுக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பெட்டிகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மருமகன் கையால் செய்தது. மாப்பிள்ளை கொண்டு வந்ததை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எங்கள் பக்கத்து மாமியார்களுக்கு இன்னும் வரவில்லை. அதை எண்ணித்தான் நானும் பெட்டி வேலையை மாப்பிள்ளை தலையில் கட்டினேன். பழைய கரண்டுக் கம்பத்துப் பீங்கான் குமிழ்களை பெட்டிக்கு மூன்றாகக் கீழே கொடுத்து, டிவிக்கு இரண்டு பக்கமும் பெட்டிகளை உட்கார வைத்தேன். முன்பு அப்பாவின் கட்டில் கிடந்த இடம் அது. வேறு இடம் இல்லை.

முதல் பாட்டு போட்டபோது என் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். பாடுகிறவர் கூடத்துக்கு நடுவில் நின்று பாடினார். தபேலாக்காரர் அவருக்கு இடது பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல் இருந்தது. ஆள் இல்லாத இடத்தில் ஆளை உட்கார வைப்பதுதான் நல்ல சிஸ்டத்தின் லட்சணம் என்று தங்கச்சிக்கு விளக்கினேன். அந்தப் பேச்சை அம்மா கேட்டுக்கொண்டிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

பத்து நாள் போல ஒன்றுமில்லை. பிறகு கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் தன் பழைய பாட்டுகளைக் கொடுத்தார். கல்ஃபில் இருந்த காலத்தில் அவர் வாங்கிச் சேர்த்த பெரிய கறுப்பு ரெகார்டுகள். அதையெல்லாம் அவர் மகன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தான். ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி வந்து, கடைக்குப் போகாத ஒரு மழைநாள் பிற்பகலில் முதல் பாட்டைப் போட்டேன். அம்மா கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு நொடி வெறும் நிசப்தம் இருந்தது. அந்த நிசப்தத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

இழுத்து, தங்கி, உஸ்ஸென்று விட்டு. மறுபடி இழுத்து.

அம்மாவின் கை நின்றுவிட்டது. பாட்டு தொடங்கியது, வயலின் வந்தது, குரல் வந்தது. இரண்டு பேருமே பாட்டைக் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி அந்த மூச்சு, நாலைந்து தடவை. பிறகு ஒன்றுமில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"சேசுவே" என்றாள் அம்மா. பூண்டை அப்படியே விட்டு எழுந்து போய், டிவி பக்கத்தில் நின்றாள். பயந்து ஓடுகிற ஆள் நிற்கிற மாதிரி இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நிற்கிற மாதிரி நின்றாள். "இன்னொரு வாட்டி போடுடா."

"ரெகார்டு கீறல் சத்தம்மா அது."

"போடுடான்றன்ல."

போட்டேன். வந்தது. என் கையிலும் வாட்ச் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, அந்தத் தொடக்கத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எண்ணினேன். நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று. ஆஸ்பத்திரிச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. போய் எடுத்துப் பார்க்க நான் துணியவில்லை.

பயந்தால் எனக்குக் கோபம் வரும். மறுநாளே சிஸ்டத்தைப் பிரித்துப் போட்டேன். கரண்டில் அழுக்கு இருக்கும் என்று வேறு அடாப்டர் மாற்றினேன். ஒயரை மாற்றினேன். கொல்லைப்பக்கம் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டித் தனியாக எர்த் கம்பி இறக்கினேன். ஸ்பீக்கர் உட்காரும் வாயைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு இறுக்கினேன். மூச்சு அப்படியே இருந்தது. மற்ற பாட்டுகளில் இல்லை, பாயிடம் வாங்கியவற்றில் மட்டும்தான். அப்படியானால் பாட்டிலேயே இருக்கிறது என்று நிம்மதியாகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே இடத்தைக் கேட்டேன்.

ஒன்றுமே இல்லை. ரெகார்டின் மெல்லிய பொரிசத்தம் தவிர சுத்த நிசப்தம். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் போட்டேன். மூச்சு விட்டது.

பாட்டில் இல்லாத ஒன்று கூடத்தில் மட்டும் கேட்கிறது. இதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் ரிப்பேர் பார்த்தவன், காரணம் இல்லாமல் எந்த இயந்திரமும் சத்தம் போடாது என்று ஊருக்கு உபதேசம் செய்தவன், நானே கூடத்துக்குள் தனியாகப் போகாமல் அடுப்படி வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

அம்மாவோ கூடத்தை விட்டு நகரவில்லை. நான் கடைக்குக் கிளம்புவதற்குமுன் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டுப் போகச் சொல்வாள். திரும்பத் திரும்ப ஓடும்படி வைக்கச் சொல்வாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் இருக்கும். அப்பாவுக்கு மூச்சு வாங்கும்போது கொடுக்கும் அதே டம்ளர். ஜெபமாலையை அந்த மூச்சின் கணக்குக்கே உருட்டிக்கொண்டிருப்பாள். சோறு ஆறிக் கிடக்கும். தொண்டையில் இறங்கவில்லை என்பாள்.

ஒரு நாள் பொறுமை போய் நான் போனில் பாட்டை நிறுத்தினேன். அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காதடா. அன்னிக்கி நின்னாப்லயே இருக்குது."

"அம்மா, இது மிஷினு."

"அவரு இன்னும் கரையேறல. இழுத்துக்கிட்டுக் கெடக்குறாரு. நான் எட்டு வருசமா வச்ச பூச பத்தல" என்று அழுதாள். மறுநாள் கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போய் மாதம் ஒரு பூசை என்பதை வாரம் ஒன்றாக மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் பூசையின் ஆரம்பத்தில் இறந்தவர்கள் பட்டியலில் அப்பாவின் பெயரை ஃபாதர் படிக்கும்போது, அம்மா பெண்கள் பக்கத்தில் முகத்தை மூடிக்கொள்வாள். அவள் பாதியாகிவிட்டாள். எட்டு வருடத்தில் மெல்ல மெல்ல ஆறியதை நான் ஒரு பாட்டுப் பெட்டியைக் கட்டிக் கீறிவிட்டேன். என்மேல் எனக்கே வந்த ஆத்திரத்தில் பெட்டிகளைத் தூக்கித் தெருவில் போட்டு உடைத்திருப்பேன். ஆனால் உடைத்தால் அம்மாவுக்கு அது என்னவாகப் படும் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டேன். காரணத்தைக் கண்டுபிடித்து அவளுக்குக் காட்டியே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

அதற்குள் இன்னொன்று நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியும் மாப்பிள்ளையும் வழக்கம்போல் சாப்பிட வந்திருந்தார்கள். அவர்கள் இருக்கும்போது சிஸ்டத்தைப் போடக்கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு கரண்டு போயிற்று. தங்கச்சி கொல்லையில் பாத்திரம் தேய்த்தாள். நான் டீக்குப் பால் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கேட்டுச்சுடா" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"பெட்டி ஓடவே இல்லியேம்மா. கரண்டே இல்ல."

"அதான் சொல்றன். கரண்டு இல்லாதப்பவும் கேக்குது."

கூடத்தை எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். பெட்டிகள் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றன. அந்த நேரம் கரண்டு வந்து மேலே ஃபேன் கடகடவென்று சுற்றத் தொடங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் புத்தி பேதலித்துக்கொண்டிருக்கிறது என்று முதல் தடவையாக நினைத்தேன். அன்று எனக்கு வந்த பயம், மூச்சைக் கேட்டபோது வந்த பயத்தைவிடப் பெரியது.

அடுத்த ஞாயிறு, அவர்கள் வந்ததும் வராததுமாக மாப்பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "போடுங்க மச்சான், கேப்போம்" என்றார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கச்சி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாட்டின் தொடக்கத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். மாப்பிள்ளை தரையில் மண்டியிட்டு, காதைப் பெட்டியின் முன்னால் வைத்தார், பக்கவாட்டில் வைத்தார். பிறகு ஈர மண்ணைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையைப் பெட்டிக்கு அடியில் கொடுத்தார்.

"காத்து வருது" என்றார்.

பெட்டியை மல்லாத்தினோம். அடிப்பாகத்தில், விளிம்புக்கு உள்பக்கமாக, ஒரு சின்ன ஓட்டை. ஊக்கு நுழைகிற அளவு இருக்கும். இன்னொரு பெட்டியிலும் அதே இடத்தில் அதே ஓட்டை. மூன்று வாரமாக மேலும் பக்கமும் தடவிப் பார்த்த நான் அடியைப் பார்க்கவே இல்லை. நான் போட்ட ஓட்டைகளை மட்டும்தான் தேடியிருக்கிறேன்.

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "என் கை வேல மச்சான் இது. உள்ள காலியா இருக்குற சாமானு எதுவா இருந்தாலும் அடியில ஒரு குத்து குத்திடுவோம். இல்லன்னா சூளையில காத்துக்குப் போவ வழியில்லாம வெடிச்சிடும். ஸ்பீக்கருக்கு வட்டம் வெட்டுனது மறுநாளு. மொத நாளு மூடுன சாமானாத்தான இருந்துச்சு, பொம்ம மாதிரி? கை அதும்பாட்டுக்குக் குத்திடுச்சு. எனக்கு நெனப்பே இல்ல."

மிச்சத்தைத் தெரிந்துகொள்ளப் பாத்திரக்கடை பாய்க்கு உடனே போன் போட்டேன். ரெகார்டு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "வெயில்ல வச்சு வளைஞ்சு போச்சு தம்பி, முள்ளு ஏறி ஏறி இறங்கும்" என்றார். அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்தது. அந்தப் பெரிய ரெகார்டு நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் முள் ஒரு தடவை மேலே ஏறி இறங்கியிருக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் பாட்டோடு பதிந்திருக்கிறது. காதுக்குக் கேட்காது, அதனால்தான் ஹெட்போனில் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்பீக்கரின் காகிதம் உள்ளே வெளியே போய் வந்திருக்கிறது. பெட்டிக்குள் இருந்த காற்று அடியில் இருந்த ஓட்டை வழியாக இழுத்து, தங்கி, உஸ்ஸென்று வெளியேறியிருக்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரின் அசைவைக் கண்ணால் பார்க்க வைத்தேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஓட்டையை அடைக்க ஏதாவது கொடு என்றேன். சுரூபத்துக்குக் கீழே கல்லறைத் திருநாளுக்கு ஏற்றி மீந்த மெழுகுவர்த்தித் துண்டு இருந்தது. அவளே எடுத்துக் கொளுத்திக் கொடுத்தாள். மாப்பிள்ளை இரண்டு ஓட்டைகளிலும் மெழுகைச் சொட்டவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினார். பெட்டிகளை நிமிர்த்தி மறுபடி குமிழ்களில் வைத்தோம். நான் கொஞ்சம் பகட்டாகவே, "இப்ப கேளும்மா" என்று சொல்லி, வேறு எந்தச் சத்தமும் குறுக்கே வரக்கூடாதென்று ஃபேனை நிறுத்தினேன். வாசல் கதவைச் சாத்தினேன். பாட்டின் தொடக்கத்தைப் போட்டேன்.

பெட்டிகளில் சத்தமில்லை. ஸ்பீக்கர் அசைந்தது, காற்று வரவில்லை. சுத்தமான நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

இழுத்து, தங்கி, உஸ்ஸென்று.

நான் அவசரமாகப் போனில் பாட்டை நிறுத்தினேன். சிஸ்டத்தின் ஒயரையே சுவரிலிருந்து உருவினேன். பச்சை விளக்கு அணைந்தது. மூச்சு நிற்கவில்லை. சத்தம் வந்த திசையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா பார்த்தாள். அவள் பெட்டிகளைப் பார்க்கவில்லை.

பெட்டியைத் தூக்கி வைத்த களைப்பில் மாப்பிள்ளை தரையில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விடப் பார்த்தார். முடியவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

அம்மா உள்ளே போனாள். பீரோவுக்கு மேலிருந்து இரண்டு தலையணைகளை எடுத்து வந்து, நாற்காலியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கி அதில் சாய்த்தாள். எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. பெட்டி பக்கத்தில் இருந்த வெந்நீர் டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எத்தினி நாளா மாப்ள?" என்றாள்.

"சளிதான் அத்த. மழையில வந்தன்ல."

"எத்தினி நாளான்னு கேட்டன்."

தங்கச்சிதான் தூணில் சாய்ந்தபடி அழுதுகொண்டே சொன்னாள். பொம்மை ஆர்டர் நின்றுபோய் அச்சு வேலையில் ஆளைக் குறைத்துவிட்டார்களாம். பொடி பக்கம்தான் ஆள் கேட்டார்களாம். "மூணு வருசம் ஆவுதும்மா. அண்ணன் பொட்டிய மட்டும் சாயங்காலம் இருந்து செஞ்சாரு. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. செத்தாலும் அப்பா மொகத்துல முழிக்க ஆவாதுன்னு சொல்லிச் சொல்லி அழுவாரு."

மூன்று வருடம். ஞாயிறுதோறும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கேட்டிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் பெட்டியை இரண்டு தடவை கீழே வைத்தவரிடம் தொப்பை என்று சிரித்தேன். வளைந்த ரெகார்டின் மூச்சைக் கேட்டுக் கொல்லையில் குழி தோண்டிய என் காது, உயிருள்ள ஆளின் மூச்சைக் கேட்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கும் அவமானமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் அம்மா குளித்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு பங்கு அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த பூசைகளில் அப்பாவின் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். அங்கிப் பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த ஃபாதர் நிமிர்ந்து பார்த்து, "என்னாம்மா, மனசு ஆறிடுச்சா?" என்றார்.

"அவரு கரையேறிட்டாரு சாமி. இங்க ஒருத்தர் கெடக்குறாரு" என்று சொல்லி, வேறு பட்டியலில் எழுத ஒரு பெயரைக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை இப்போது பொடி பக்கம் போவதில்லை. கம்மாபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு இருக்கிறார்கள். கடையில் என்னோடு உட்காருகிறார், சாமான்களைத் துடைத்து மாட்டுகிறார். மாத்திரை சாப்பிடுகிறார். நெஞ்சுக்குள் போனது போகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பெட்டிகள் கூடத்தில்தான் இருக்கின்றன. நான் அவற்றைப் போட்டு மாதங்கள் ஆகின்றன. கூடத்தில் நிசப்தமாக இருந்தால்தான் எனக்குக் கேட்க முடிகிறது.

அந்த முதல் ஞாயிறு பூசைக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். பெண்கள் இடது பக்கம், நாங்கள் இருவரும் வலது பக்கம். இறந்தவர்கள் பட்டியலைப் படித்து முடித்தார் ஃபாதர். வாராவாரம் கேட்டுப் பழகிய அப்பா பெயர் அதில் இல்லை. பிறகு நோயாளிகளுக்காக என்று சொல்லி, மாப்பிள்ளையின் பெயரைப் படித்தார். ஊரே இருந்த கோயிலில், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று என் பக்கத்தில் அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். நான் எண்ணினேன். ஐந்து எண்ணுவதற்குள் அவரால் முடியவில்லை.